சுபநேரத்தில் மூடிய பெட்டி

யூன் 9, திங்கள்

விடிய நாலு மணியிலிருந்து மழை. பெட்டி நனையாமல் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே பெரும்பாடு. பெட்டிக்கு மேல் மழைச்சீலை, எனக்கு ஒன்றும் இல்லை. ஓட்டோக்காரருக்குக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு.

உள்ளே நான் மணி ஒட்டிச் செய்த 21 ஆராத்தித் தட்டு (இனி ஆ.த.). லண்டனில் சுபாவின் மகளுக்கு 28ஆம் திகதி சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு. சுபா எனக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதியும் இல்லை. என் தட்டுகளின் படத்தை எங்கேயோ பார்த்துத் தானாக எழுதின முதல் வெளிநாட்டு ஆள். இதுவரை நான் அனுப்பினது எல்லாம் போகிற வருகிற ஆட்களின் சூட்கேசில். இரண்டு தடவை கப்பலில். விமானத்தில் இதுதான் முதல்.

விமானச் சரக்கு ஏஜென்சிக் கவுன்டரில் ரெஜினா என்று ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். கொட்டாஞ்சேனை ஆள். கழுத்தில் சிலுவை, காதில் பென்சில், முகத்தில் சிரிப்பு இல்லை. பெட்டியைத் தராசில் வைத்தாள். 14 கிலோ. வீட்டிலும் அதேதான். சரி, எழுது என்று நின்றேன். எழுதவில்லை. நாடாவை எடுத்து அளந்தாள். நீளம் 90, அகலம் 70, உயரம் 60. மூன்றையும் பெருக்கினாள், ஆறாயிரத்தால் பிரித்தாள்.

"அறுபத்து மூணு கிலோ, அக்கா."

"எது?"

"உங்க பெட்டி."

"இப்பதானே உங்கட கண்ணாலை பதினாலு எண்டு பாத்தனீங்கள்."

"பாரம் பதினாலு. ஆனா இடம் பிடிக்குதே. பாரமா இடமா, எது கூடவோ அதுக்குத்தான் காசு. எந்த பிளேன்ல அனுப்பினாலும் இதே கணக்குதான். எங்க இஷ்டம் இல்ல."

ஒரு தடித்த புத்தகத்தையும் என் பக்கம் திருப்பி வைத்தாள். பொடி எழுத்து. உலகம் முழுக்க ஒரே விதியாம். உலகம் முழுக்கச் சேர்ந்து கொள்ளையடித்தால் கொள்ளை இல்லை என்றா அர்த்தம்?

சுபாவுக்கு என்ன சொல்ல? உங்கள் பெட்டியில் நாற்பத்தொன்பது கிலோ காற்று இருக்கிறது, அதற்கும் சேர்த்துக் காசு அனுப்புங்கோ என்றா?

போன வருடம் பிளேனில் மதுரைக்குப் போனபோது பக்கத்து இருக்கையில் ஒரு மனிதர். என்னைப்போல் இரண்டு பேர் அளவு. கைப்பிடியும் அவருக்கே, என் இருக்கையில் பாதியும் அவருக்கே. இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெற். அவரை யாரும் நாடாவால் அளக்கவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். ஓட்டோ இரண்டு தரம். நனைந்ததில் தடிமன் பிடிக்கப் போகிறது. அவளுக்கு இனி என் நாட்குறிப்பில் பெயர் ச.பு. சட்டப் புத்தகம்.

யூன் 10, செவ்வாய். போயா

பௌர்ணமி விடுமுறை, எல்லாம் மூடல். முழு நாளும் பெட்டியோடு.

தட்டுகளின் மேல் நிற்கிற அன்னங்களின் கழுத்தைக் கழற்றினேன். ஏழு அன்னம், நாலு மயில். தாமரைகளை உள்ளங்கையால் அமத்தி, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் செருகினேன். மூன்று கிழமை கண்முழித்து ஒட்டின மணிகள். சுபாவுக்கு ஒவ்வொன்றையும் எப்படிப் பூட்டுவது என்று படம் எடுத்து அனுப்பினேன். பாவம், விசேஷ வீட்டில் இதுவும் ஒரு வேலை.

என் கணவருக்கு இன்று ரியூசன் வகுப்பு இல்லை. கணித வாத்தியார் வீட்டில் சும்மா இருந்தால் வேறு என்ன செய்வார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தார். "நீர் கத்திறதிலை பிரயோசனம் இல்லை. உயரத்தைக் குறையும். ஒவ்வொரு சென்ரிமீற்றரும் ஒரு கிலோவுக்கு மேலை வரும் உமக்கு."

அளந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் எரிச்சல்.

புதுப் பெட்டி: 90, 60, 45. கீழ் வீட்டு டீச்சரிடம் வாங்கினது, மின்விசிறி வந்த பெட்டி.

மறக்காமல்: தண்ணீர்த் தாங்கி மூடி, செலோடேப் 3, மின்சார பில்.

யூன் 11, புதன்

வெயில். திரும்பவும் கொட்டாஞ்சேனை. திரும்பவும் ச.பு.

அளந்தாள், பெருக்கினாள், பிரித்தாள். நாற்பதரைக் கிலோ. சரி, பரவாயில்லை என்று காசுப் பையைத் திறக்கிறேன், "நாற்பத்தஞ்சுன்னு போடுறேன் அக்கா" என்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாற்பதரையை நாற்பத்தஞ்சு ஆக்கிறதுக்கும் அந்தப் புத்தகத்திலை விதி இருக்கோ? இது பகல் கொள்ளை" என்று சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு ஐயாவும் "அதானே" என்றார்.

"நாற்பத்தஞ்சுன்னு போட்டா உங்களுக்குக் குறையும், அக்கா" என்றாள்.

கூட்டி எழுதினால் குறையுமாம். யாருக்குக் காது குத்துகிறாள்? கடதாசியில் இரண்டு கணக்கையும் எழுதித் தந்தாள். நான் வாங்கி மடித்துக்கொண்டு, அவரிடம் காட்டிவிட்டுத்தான் காசு தருவேன் என்று வந்துவிட்டேன். பெட்டியை அங்கேயே ஒரு மூலையில் வைக்கச் சொன்னேன். மாட்டாளாம். சொந்தக்காரர் இல்லாமல் பெட்டி வைக்கக் கூடாதாம். அதுக்கும் ஒரு விதி. நாலாவது ஓட்டோ.

பின்னேரம் அவர் பார்த்தார். வகுப்புப் பிள்ளைகளின் செருப்பு படி முழுக்க, அவர் வெண்பலகையில் அல்ஜிப்ராவை அழித்துவிட்டு என் பெட்டியை எழுதினார். "நாற்பத்தஞ்சுக்குக் கீழை கிலோவுக்குப் பத்து ரூபா எண்டு வையும். நாற்பதரைக்கு நானூற்றி அஞ்சு. நாற்பத்தஞ்சிலையிருந்து கிலோ எட்டு. அப்ப முன்னூற்றி அறுபது. அந்தப் பிள்ளை உமக்கு நல்லதுதான் செய்திருக்குது."

பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படி ஒரு விலையை எந்த மூளை போட்டது? மரக்கறிக் கடையில் நாலு கிலோவை விட அஞ்சு கிலோ மலிவு என்று யாராவது சொன்னால் தராசைத் தூக்கி எறிவோம். இவர்கள் புத்தகம் அடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள்.

ச.பு. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதையும் எழுதி வைக்கிறேன், நியாயத்துக்கு.

யூன் 12, வியாழன்

காலையில் ச.பு.வுக்குப் போன் எடுத்தேன். நாற்பத்தைந்தே போடச் சொன்னேன். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"நிஜப் பாரம் பதினாலுதானே அக்கா. நாற்பத்தஞ்சு வரைக்கும் நீங்க உள்ள பாரமா எது போட்டாலும் இதே காசுதான். இடம் இருந்தா போடுங்க. ஆனா என்ன போடுறீங்களோ எல்லாம் லிஸ்ட்ல வரணும். நாளைக்குப் பெட்டிய ஒட்டாம கொண்டு வாங்க, நான் பார்த்துட்டு இங்கதான் ஒட்டணும்."

சுபாவுக்குச் சொன்னேன். ஒரே சந்தோஷம். "அக்கா, அப்ப குத்துவிளக்கு ரெண்டு வாங்கி வையுங்கோ. இஞ்சை ஒண்டும் மனசுக்குப் பிடிக்கேல்லை." செட்டியார் தெருப் பக்கம் போய் வாங்கினேன். ஒன்று ஒன்பது கிலோ. கழற்றினால் மூலையில் அடங்கும்.

காற்றுக்குக் கட்டின காசில் கொஞ்சமாவது பித்தளையாய்த் திரும்பி வருகிறது. இரவு நல்ல நித்திரை வரும்.

ச.பு. நேற்றுத் தந்த கடதாசிகளோடு இன்னொன்றும் இருந்தது. என்னென்ன அனுப்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம், போட்டோக்கொப்பி, இடையிடையே பேனையால் ஏதோ கிறுக்கல். பின்பக்கம் சுத்தமான வெள்ளை. அதில் என் பட்டியலை எழுதிக்கொண்டேன்:

ஆ.த. 21 (அன்னம் 7, மயில் 4, தாமரை 6, சங்கு 4)
கு.வி. 2
திருநீறு, சந்தனம், குங்குமம்
பூட்டுகிற கம்பி, பசைக்குப் பதில் ஒட்டுநாடா
சுபாவின் மகளுக்கு வளையல் (என் பரிசு)

யூன் 13, வெள்ளி

புழுக்கம். கடல் பக்கம் கறுத்துக் கிடக்குது, மழை வரவில்லை.

10.30க்கு ராகு காலம். அதற்கு முன் பெட்டி மூட வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் நல்ல காரியத்துக்குப் போகிற பெட்டியை, கொட்டாஞ்சேனைக் கவுன்டரில், ராகுவிலோ எமகண்டத்திலோ ச.பு. கையால் மூட விடுவேனா? இதுவரை என் கையால் போன எந்தப் பெட்டியையும் நான் நேரம் பார்க்காமல் மூடினதில்லை. குளித்து, சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, எப்போதும்போல் பூசைப் பொதி ஒன்றை மேலே வைத்து, 9.50க்கு மூடினேன். நாடா நாலு சுற்று. அவர் ஒரு வார்த்தை: "அந்தப் பிள்ளை ஒட்ட வேண்டாம் எண்டெல்லோ சொன்னவ." சொன்னவதான்.

கவுன்டரில் பெரும் சண்டை. அவள் கத்தியை எடுத்துவிட்டாள். நான் பெட்டிக்கு மேல் இரண்டு கையையும் விரித்துப் படுக்காத குறை.

"திறக்காம நான் கையெழுத்துப் போட ஏலாது, அக்கா."

"சுபநேரத்திலை மூடினது. சாமத்திய வீட்டுச் சாமான். திறந்தா அந்தப் பிள்ளைக்குக் கூடாது. உங்களுக்கும் பெம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

"இருக்கு. பத்து வயசு."

"அப்ப விளங்கும்தானே."

பின்னால் வரிசை வளருது. ஒரு ஆள் சிங்களத்தில் முணுமுணுப்பு. வண்டி மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குப் போகும், இதை விட்டால் அடுத்தது செவ்வாய். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை.

ச.பு. கத்தியைக் கீழே வைத்தாள். "லிஸ்ட்ல இல்லாதது ஒண்ணும் உள்ள இல்லையே?"

"பிள்ளையாராணை இல்லை."

"நான் தந்த கடதாசிய வாசிச்சீங்கதானே?"

"ஓம் ஓம், வாசிச்சனான்."

"பத்து வருஷமா நான் திறக்காம ஒரு பெட்டி விட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பேனையை அழுத்தி அழுத்தி.

வென்றேன். வரும் வழியில் ஜிந்துப்பிட்டி முருகனுக்கு ஒரு அர்ச்சனை.

யூன் 14, சனி

ஒன்றும் விசேஷம் இல்லை. மீன் விலை வாயால் சொல்ல முடியாது. மேல் வீட்டுப் பிள்ளை ஒரே கீர்த்தனையை நாலு மணித்தியாலம் பாடினாள். சுபாவின் தங்கை ரொறன்ரோவில் இருந்து எழுதினா: ஆவணியில் கல்யாணம், 31 தட்டு வேணுமாம். முப்பத்தொன்று. இரண்டு தரம் வாசித்தேன்.

யூன் 17, செவ்வாய்

போனில் ஒரு வரிச் செய்தி. உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது. காரணம் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

ஏஜென்சிக்குப் பதினோரு தரம் எடுத்தேன். ஒருவன் எடுத்து, "செக்யூரிட்டி ஹோல்ட், மேடம்" என்றான். ஏன்? தெரியாது. எத்தனை நாள்? தெரியாது. ரெஜினாவைத் தாருங்கோ. "ரெஜினா மிஸ் இன்னிக்கு இல்ல."

பார்த்தீரா. அளக்கிறதுக்கு ஆள் இருக்கு, காசு வாங்க ஆள் இருக்கு, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

28க்குப் பதினொரு நாள்.

யூன் 19, வியாழன்

நேரில் போனேன். பஸ்ஸில் நின்றபடி ஒரு மணித்தியாலம், கால் வீக்கம். ச.பு. இன்றும் இல்லை. அவள் கதிரையில் ஒரு பொடியன். "லீவ்" என்கிறான், கண்ணைப் பார்க்காமல். என் பெட்டியை அந்தரத்தில் விட்டுவிட்டு லீவாம்.

வீட்டுக்கு வந்து மனேஜருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில். முதல் நாளிலிருந்து என்னை அலைக்கழித்தது, பதினாலு கிலோவை அறுபத்து மூன்று என்றது, கடைசியில் பேப்பர் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் பெட்டியைத் தடைப்பட வைத்தது. "உங்கள் ஊழியர் ரெஜினா தன் கடமையில் கவனம் இல்லாதவர்" என்று தெளிவாக. அவரிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன்.

"இதிலை எனக்குத் தெரிஞ்ச பிழை இலக்கணத்திலை இல்லை" என்றார். "ஒருநாள் பொறும். என்னத்துக்குத் தடுத்தவங்கள் எண்டு முதலிலை கேளும்."

பொறுக்கவில்லை. அனுப்பிவிட்டேன். அனுப்பினபின் மனம் கொஞ்சம் ஆறின மாதிரி. தோசைக்குப் போட்டேன்.

யூன் 23, திங்கள்

காலை 9.20க்கு மனேஜர் போனில். சிங்கள ஆள், ஆங்கிலம் மெதுவாக, மரியாதையாக. உங்கள் கடிதம் கிடைத்தது, ஒரு படம் அனுப்புகிறேன் என்றார்.

படம்: இரும்பு மேசை. அதில் என் பூசைப் பொதி, என் பழைய சேலைக் கரையில் தைத்த பை, அவிழ்ந்து கிடக்கு. பக்கத்தில் கற்பூரப் பெட்டி இரண்டு, ஒரு அடிமட்டம், ஒரு இலக்கம் எழுதின சீட்டு. கொலைகாரன் கத்தியைப் படம் எடுத்து வைப்பார்களே, அப்படி.

கற்பூரம். தீப்பிடிக்கிற பொருளாம். அபாயமான சாமான் பட்டியலில் இருக்காம். சொல்லாமல் அனுப்பினது குற்றமாம்.

கற்பூரம் என்ன வெடிகுண்டா? பிறந்த பிள்ளைக்கும் காட்டுகிறோம், செத்தவருக்கும் காட்டுகிறோம். இந்த லேனில் கற்பூரம் இல்லாத சைவ வீடு ஒன்று காட்டுங்கோ. இரண்டு சின்னப் பெட்டி. எந்த வெள்ளைக்காரன் எங்கே இருந்து எழுதின விதி இது? பூசைப் பொதியில் கற்பூரம் இல்லாமல் என்ன வைப்பது, கல்லா? இதை எல்லாம் வாய்விட்டே சொன்னேன், சமையலறையில் நின்று, ஒரு அரை மணித்தியாலம்.

வாசலில் நின்று கேட்ட அவர் உள்ளே போனார். என் மேசையில் இருந்து அந்தப் பட்டியல் கடதாசியை எடுத்து வந்தார். ஆ.த. 21, கு.வி. 2. திருப்பிப் பிடித்தார்.

"நீர் இதை வாசிச்சனீரோ?"

ஏழாவது வரி. ஆங்கிலத்தில் அச்சு. அதற்குப் பக்கத்தில், நான் கிறுக்கல் என்று நினைத்தது, பேனையால் தமிழில்: கற்பூரம். அடியில் இரண்டு கோடு. கீழே, "நம்ம ஆட்கள் கவனம். பூசை சாமானோட வரும்."

கவுன்டரில் வாசித்தேன் என்று சொன்னேன். பிள்ளையாராணை வேறு.

பட்டியலில் நான் ஏன் அதை எழுதவில்லை? ஒளிக்கவில்லை. அதை ஒரு சாமான் என்றே நான் எண்ணினதில்லை. பூசைப் பொதி என்றால் அதுக்குள் இருக்கும். உப்பைப் போட்டேன் என்று யாரும் கறிக்கு எழுதி வைக்கிறதில்லை.

பின்னேரம் திரும்ப எடுத்தேன் மனேஜருக்கு. ரெஜினா எங்கே என்று கேட்டேன். 16ஆம் திகதியிலிருந்து வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். திறந்து பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதற்கு. வெள்ளிக்கிழமை விசாரணை. "உங்கள் முறைப்பாட்டையும் விசாரணைக் கோவையில் சேர்த்திருக்கிறோம், மேடம். நன்றி."

நன்றியாம்.

யூன் 24, செவ்வாய்

சுபாவின் குரல் செய்தி: "அக்கா, இஞ்சை ஒரு ஆளிட்டை வாடகைக்குத் தட்டு எடுத்திட்டம். என்ன செய்யிறது. நீங்கள் கவலைப்படாதையுங்கோ." குரலில் கோபம் இருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மின்சார பில் கட்டினேன்.

யூன் 25, புதன்

ரெஜினாவின் வீட்டுக்குப் போனேன். ஏஜென்சிப் பொடியன் தான் இடம் சொன்னான், கெஞ்சினபின். கொட்டாஞ்சேனை, கோயில் மணி கேட்கிற ஒரு குறுகின ஒழுங்கை, மாடியில் இரண்டு அறை. மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சட்டை, மடிப்பு ஒவ்வொன்றும் அடிமட்டம் வைத்த மாதிரி. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"உள்ள வாங்க அக்கா. மழையா?"

நான் வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மனேஜருக்கு நான் இன்னொரு கடிதம் தருவேன். ரெஜினா பெட்டியைத் திறந்து பார்த்தவ, எல்லாம் சரியாக இருந்தது, அவ மற்றப் பக்கம் திரும்பின நேரம் நான்தான் பொதியைச் செருகினேன் என்று. குற்றம் முழுக்க எனக்கு.

அயனை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப நான் திறந்து பார்த்தேன்னு ஆகும். நான் பார்க்கல. பார்க்காம பார்த்தேன்னு எழுதினதுக்குத்தான் வீட்டுல நிக்கிறேன். இன்னொரு பொய் வேணாம்."

"வேலை போயிடுமெல்லோ."

"போகலாம்." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "ரெண்டு கற்பூரப் பெட்டிதான், எனக்கும் தெரியும். ஆனா அது ஆள் ஏறிப் போற பிளேன் அக்கா. மேல உக்காந்திருக்கிற ஆளுக்கு உங்க சுபநேரம் தெரியாது."

நாலு தரம் எழுந்த கோபமும் அவள் மேல் போய் நிற்கவில்லை, திரும்பி என்னிடமே வந்தது.

"அந்தத் தமிழ் எழுத்து நீங்கள் எழுதினதோ?"

"ஓம். முந்தி ஒரு ஐயரோட பெட்டியிலயும் வந்துச்சு. நான் திறந்ததால கண்டேன். அதுக்குப் பிறகு எல்லாக் கொப்பியிலயும் எழுதுறேன்."

எல்லாக் கொப்பியிலும். ஒவ்வொன்றாக, கையால்.

பாலில்லாத பிளேன்ரீ தந்தாள். குடித்தேன். "முதல்லை ஒரு கடிதம் அனுப்பினனான், உங்களைப் பற்றி" என்று சொன்னேன். "தெரியும், வாசிச்சுக் காட்டினாங்க" என்றாள். அவ்வளவுதான். மகள் வந்து மேசையில் இருந்து பாடம் எழுதத் தொடங்கினாள். சீனி போதுமா என்று ரெஜினா கேட்டாள்.

திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல் திரும்பச் சொல்லியிருப்பேன். வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள்.

யூன் 26, வியாழன்

கடிதம் எழுதி முடிய இரவாகிவிட்டது. முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம். இது ஆறு வரி, நடந்தது மட்டும். அவர் வாசித்தார், ஒன்றும் திருத்தவில்லை. "நாளைக்கு நானும் வரட்டோ?" என்றார். வேண்டாம், வகுப்பு இருக்கு என்றேன்.

ரொறன்ரோவுக்கு: 31 தட்டு செய்ய ஏலாது என்று எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.

யூன் 27, வெள்ளி

வெயில். 9.15க்கே ஏஜென்சியில். ராகு காலத்துக்கு முன்னா பின்னா என்று இன்று பார்க்கவில்லை.

உள் அறைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மனேஜர் கவுன்டருக்கே வந்துவிட்டார். ரெஜினா சுவரோரம் ஒரு கதிரையில், கைப்பை மடியில். வரிசையில் ஏழெட்டுப் பேர்.

முதலில் பெட்டி. தடுத்து வைத்த நாட்களுக்குக் களஞ்சியக் கூலி கட்ட வேண்டுமாம். எத்தனை கிலோவுக்கு? நாற்பத்தைந்துக்கு. உள்ளே இருப்பது முப்பத்தி மூன்றுகூட இல்லை. காற்று சும்மா கிடந்ததற்கும் வாடகை. நாக்கு நுனி வரை வந்தது. கட்டினேன்.

பிறகு என் ஆறு வரியை வாசித்தார். நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது உண்மை என்றால், என்று ஆங்கிலத்தில் சொன்னார், ரெஜினா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இந்த வருடம் முடியும் வரை இல்லை. உங்கள் கையால் வருகிற பெட்டியை இனி நாங்கள் எடுக்க மாட்டோம், மேடம். மற்ற ஏஜென்சிகளுக்கும் உங்கள் பெயர் போகும்.

முப்பத்தொரு தட்டு. சரி என்றேன்.

கடிதம் போதாது, வாக்குமூலமும் வேண்டும் என்றார். படிவம் சிங்களத்தில். தானே கேட்டுத் தானே எழுதினார்.

"பெட்டிய வெஹுவே கவுத?" மூடினது யார்.

என் சிங்களம் கடைக்கும் ஓட்டோவுக்கும் காணும், அவ்வளவுதான். "மம" என்றேன். நான்.

கப்புரு வைத்தது யார். கற்பூரத்துக்கு அவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

"மம."

எழுதினார். பேனையை எடுத்து, ரெஜினாவின் பக்கம் பாராமல், மூன்றாவதைத் தமிழிலேயே கேட்டார், வரிசையில் நின்ற எல்லாருக்கும் விளங்க.

"திறக்க வாணாம் சொன்னது யாரு?"

அன்றைக்கு "அதானே" என்று எனக்கு ஒத்தூதின அந்த ஐயாவும் வரிசையில் நின்றார், கையில் ஒரு பெட்டி, நாலு சுற்று நாடா போட்டு ஒட்டினது. ரெஜினா என்னைப் பார்க்கவில்லை, ஐயாவின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம."